பாய்ப்படகில் தீவு தீவாக: வீட்டோடு தொடர்பும் தீவு வாழ்க்கையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்ப்படகில் மாதக்கணக்கில் தீவு தீவாகப் போய்வர ஆசைப்படுகிறவர்கள் எங்களிடம் கேட்பதில் பாதி, படகைப் பற்றியதாகவே இருக்காது. வீட்டோடு எப்படிப் பேசுவீர்கள், நெட் கிடைக்குமா, இத்தனை நாள் ஒரே இடத்தில் என்ன செய்வீர்கள் என்பதுதான் மாறி மாறி வரும். அந்தக் கேள்விகளையெல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன், யாரோடு எந்த நாளில் எந்த நேரத்தில் பேசப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். அது தெளிவாகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள், உங்களுக்கும் மிச்ச நேரமெல்லாம் தீவோடு கழியும்.

கரையை விட்டு எவ்வளவு தூரம்வரை செல்போன் வேலை செய்யும்?

தாழ்வான கரையாக இருந்தால் 5 முதல் 10 கடல் மைல்வரை எதிர்பார்க்கலாம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மலைத்தீவில் கோபுரம் உச்சியில் இருந்தால் இன்னும் தூரத்திலேயே சிக்னல் எட்டிப்பார்க்கும். அதே தீவின் மறுபக்கம், மலை மறைக்கும் குடாவுக்குள் நங்கூரம் போட்டால் கரை 200 மீட்டரில் இருந்தாலும் ஒரு கோடுகூட வராது. பாய்மரத்தின் மேலே ஆன்டெனா வைத்து, கீழே ஒரு ரௌட்டரில் உள்ளூர் சிம் போட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு.

தீவின் கரை இணையத்தை மட்டுமே நம்பி இருக்கவேண்டாம். பல தீவு நாடுகளுக்கு வெளியுலகத் தொடர்பே கடலடியில் கிடக்கும் ஒரே ஒரு கேபிள்தான். 2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது டோங்காவின் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்து பிரதானத் தீவுக்குத் தொடர்பு திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று.

இன்னொரு விஷயம், யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை: வங்கியின் ஓ.டி.பி. வீட்டு எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் பயன்பாட்டில் இல்லாமல் காலாவதியானால் பணம் எடுக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. இரண்டு சிம் போடும் போன் வைத்துக்கொண்டு, பழைய எண்ணை உயிரோடு வைத்திருக்கும் குறைந்தபட்ச ரீசார்ஜை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதே, அது ஒன்று போதாதா?

அது வந்தபிறகு படகு வாழ்க்கை மாறிவிட்டது, மறுக்கவே முடியாது. பழைய புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நின்றன. நாம் "ஹலோ" சொல்லி அது போய்த் திரும்புவதற்குள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவோம். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. அதனால் நடுக்கடலிலும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம்.

ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், படகில் அதற்குக் கணக்கு உண்டு. அதன் வழக்கமான அளவு ஆன்டெனாத் தட்டு 75 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 1,800 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் அது 150 ஆம்பியர்-மணி. பலகைகளில் 400 வாட் சோலார் இருந்தால், வெப்பமண்டலத்தில் நல்ல வெயில் நாளில் கிடைப்பதே 1,600 முதல் 2,000 வாட்-மணிதான். ஆக, குளிர்ப்பெட்டி, விளக்கு, வழிகாட்டும் கருவிகள் எல்லாவற்றுக்கும் போகவேண்டியதை இந்த ஒரு தட்டே விழுங்கிவிடும். சின்ன அளவான மினி தட்டு 30 வாட்டை ஒட்டி எடுப்பதால் படகுக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் அனுபவம். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல் நேராக டி.சி.யிலேயே இணைத்தால் வீணாகும் மின்சாரமும் குறையும். தேவையான நேரம் ஆன் செய்து, முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

மின்சாரக் கணக்கு சரியாக இருந்தாலும் எல்லா நாட்டிலும் அதற்கு உரிமம் கிடையாது. போகும் நாட்டில் அனுமதி உண்டா, உங்கள் திட்டம் நடுக்கடலிலும் நகரும்போதும் வேலை செய்யுமா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த விதிகள் அடிக்கடி மாறும். அப்புறம், உப்புக்காற்றில் ஒரு வயர் முனை பச்சை பிடித்தால் எவ்வளவு நல்ல தட்டும் வெறும் தட்டுதான்.

அப்படியென்றால் இரண்டாவதாக எதை வைத்துக்கொள்வது?

கையடக்கமான செயற்கைக்கோள் குறுஞ்செய்திக் கருவி. இரிடியம் வலையமைப்பில் ஓடுவது என்றால் பூமியில் அது எட்டாத இடம் கிடையாது. 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்கள் வழியாகச் சுற்றி ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பக்கத்தில் தரைநிலையம் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. படம், வீடியோவெல்லாம் வராது. சில வரிகள் போகும், சில வரிகள் வரும், நீங்கள் இருக்கும் இடம் வீட்டாருக்குப் புள்ளியாகத் தெரியும். தனி பேட்டரி இருப்பதால் படகின் மின்சாரம் போனாலும் இது உயிரோடு இருக்கும்.

அந்தச் சில வரிகளின் மதிப்புக்கு ஓர் உதாரணம் போதும். 2018 செப்டம்பரில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் இருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு, பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில் புயலில் கவிழ்ந்து உருண்டது. பாய்மரம் முறிந்தது, முதுகில் பலத்த அடி. படுத்த இடத்திலிருந்து எழ முடியாத நிலையில் அவர் தன் நிலைமையைக் குறுஞ்செய்தியாகத்தான் வெளியே சொன்னார். செப்டம்பர் 24 அன்று ஒரு பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் அவரை மீட்டது.

படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோ இந்தக் காலத்திலும் தேவையா?

தேவை. படகில் ஒரே ஒரு தொடர்புக் கருவிதான் வைக்கலாம் என்று யாராவது சட்டம் போட்டால் நான் இதைத்தான் எடுப்பேன். போனில் பேச எதிராளியின் எண் தெரிந்திருக்கவேண்டும். வி.எச்.எஃப். ஒரு பொதுத் திண்ணை மாதிரி. பொது அழைப்புக்கான சேனல் 16ல் கூப்பிட்டால் சுற்றுவட்டாரத்தில் காது திறந்திருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

ஒருமுறை இரவு இரண்டு மணிக்குக் காற்று திசை மாறியது. நான் வெளியே வந்து பார்க்கிறேன், எங்களுக்கு முன்னால் நின்ற படகின் நங்கூர விளக்கு மெதுவாக எங்களை நோக்கி வருகிறது. அவர்கள் பெயர் தெரியாது, எண் தெரியாது. படகின் பின்பக்கம் எழுதியிருந்த பெயரை டார்ச் அடித்துப் படித்து, 16ல் மூன்று முறை கூப்பிட்டேன். தூக்கக் குரலில் ஒரு பெண் பதில் சொன்னார். "உங்கள் நங்கூரம் இழுபடுகிறது" என்று சொன்ன அரை நிமிடத்தில் அவர்களுடைய இஞ்சின் சத்தம் கேட்டது. இரண்டு படகுக்கும் நடுவே அப்போது நாலு மீட்டர்கூட இல்லை. அவர்கள் ரேடியோவை அணைக்காமல் படுத்திருந்தது எங்கள் இருவருக்கும் நல்லதாயிற்று.

தூரம் ஆன்டெனாவின் உயரத்தைப் பொறுத்தது. வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு மறைத்துவிடும். 15 மீட்டர் உயரப் பாய்மர உச்சியில் ஆன்டெனா உள்ள இரண்டு படகுகள் சுமார் 17 கடல் மைல்வரை பேசிக்கொள்ளலாம். கையில் பிடிக்கும் செட்டில் இருந்து சில மைல்தான். பொருத்தப்பட்ட செட்டுக்கு உச்ச சக்தி 25 வாட். பக்கத்துப் படகைக் கூப்பிட அதை 1 வாட்டுக்கு இறக்கிவிடுங்கள், 16ல் ஆளைப் பிடித்ததும் வேறு சேனலுக்கு மாறிப் பேசுங்கள்.

இப்போதுள்ள செட்டுகளில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் சேனல் 70 வழியாக உங்கள் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இருக்கும் இடமும் தானாகவே அபாயச் செய்தியாகப் போய்விடும். ஆனால் அந்த எண்ணை முதலில் பதிவு செய்து செட்டில் ஏற்றியிருக்கவேண்டும். அதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

எஸ்.எஸ்.பி. நெடுந்தூர ரேடியோ?

இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இப்போது புதிதாகப் போடச் சொல்லமாட்டேன். வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை என்பதால் ஆயிரக்கணக்கான மைல் போகும், மாதக் கட்டணம் கிடையாது. ஒரே திசையில் போகும் படகுகள் குறித்த நேரத்தில் கூடி, ஒவ்வொருவராகத் தங்கள் இடத்தையும் காற்றையும் சொல்லும் காலை வருகைப்பதிவு இன்னும் சில கடல்களில் நடக்கிறது. அந்தக் குரல்களைக் கேட்டு விடியும் காலைக்கு எந்த ஆப்பும் ஈடாகாது.

வீட்டில் இருப்பவர்கள் பயப்படாமல் இருக்க என்ன செய்யலாம்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான்.

1968ல் தனியாக நிற்காமல் உலகைச் சுற்றக் கிளம்பிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ரேடியோ பாதி வழியில் செயலிழந்தது. பல மாதங்கள் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. 1969 ஏப்ரல் 22 அன்று அவர் பத்திரமாகக் கரை சேர்ந்தார். அந்தக் காலத்துக் குடும்பங்களுக்கு மௌனம் பழகியிருந்தது. இப்போது அப்படி இல்லை. தினமும் செய்தி வந்து பழகிய வீட்டில் ஆறு மணி நேரம் தாமதமானாலே கலக்கம் வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. நீண்ட ஓட்டத்தில், இருப்பிடம் காட்டும் கருவியை மழைக்காக உள்ளே எடுத்து வைத்தோம். அதன்மேல் ஈரக் கோட்டு ஒன்றைப் போட்டுவிட்டோம். கருவிக்கு வானம் தெரியவில்லை. வரைபடத்தில் எங்கள் புள்ளி 19 மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. அம்மா அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே இரவு முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாள் கோட்டை எடுத்ததும் வந்து விழுந்த முதல் செய்தி, "சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருந்த இரவைப் பிறகுதான் தங்கை சொன்னாள்.

அதன்பிறகு வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. கிளம்புமுன் ஒரு தாளில் எழுதி வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவோம்: எங்கே போகிறோம், எத்தனை நாள் ஆகலாம், அதிகபட்சம் எத்தனை நாள், எந்த நேரத்தில் செய்தி வரும். செய்தி வராவிட்டால் முதல் 48 மணி நேரம் அது கருவிக் கோளாறு என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். அதைத் தாண்டினால் எந்த மீட்பு மையத்தை அழைப்பது, அவர்களிடம் என்ன சொல்வது என்பதும் அதே தாளில் இருக்கும்: படகின் பெயர், நீளம், நிறம், அடையாள எண், ஆட்கள் எத்தனை பேர். புள்ளி நின்றுவிட்டால் அபாயம் என்று பொருள் இல்லை என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

கப்பல்களின் இடம் காட்டும் ஏ.ஐ.எஸ். வரைபடங்களைப் பற்றியும் வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். கரை நிலையங்கள் அந்த அலையை வி.எச்.எஃப். எட்டும் தூரம்வரைதான் கேட்கும். சிறு படகுகளின் கருவிக்குச் சக்தியும் குறைவு. கரையை விட்டு விலகினால் அந்த வரைபடத்தில் நீங்கள் மறைந்துபோவது இயல்பு.

எல்லா நேரத்தையும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். மார்க்கேசாஸ் தீவுகள் யு.டி.சி.க்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், டோங்கா பதின்மூன்று மணி நேரம் முன்னால். நடுவே தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு நாளே காணாமல் போகும். "நாளைக்குக் காலையில் கூப்பிடுகிறேன்" என்று சொன்னால் யாருடைய நாளை என்று வீட்டில் குழம்புவார்கள்.

எபர்ப் என்கிறார்களே, அது இதிலிருந்து வேறா?

வேறு. அது பேசுவதற்கான கருவி கிடையாது, உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டுமே தொடவேண்டியது. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்புக்கு அபாயச் செய்தி அனுப்பும், குறைந்தது 48 மணி நேரம் ஓடும். 1982 முதல் அந்த அமைப்பு உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. பதிவு செய்யாத எபர்ப் அபாயத்தைச் சொல்லும், ஆனால் யார் என்று சொல்லாது. பதிவில் கொடுத்த வீட்டு எண்ணுக்குத்தான் மீட்பு மையம் முதலில் போன் செய்யும், எனவே அந்த எண் மாறினால் உடனே புதுப்பியுங்கள்.

நெட் இல்லாமல் வானிலை பார்க்க முடியுமா?

முடியும். கிரிப் கோப்பு என்று ஒன்று உண்டு. காற்றின் வேகம், திசை, அழுத்தம் எல்லாம் எண்களாகச் சுருக்கப்பட்ட சிறிய கோப்பு. உங்கள் பாதையை ஒட்டிய பகுதியை மட்டும், நாலைந்து நாளுக்குக் கேட்டால் சில பத்து கிலோபைட்டில் முடிந்துவிடும். மெதுவான செயற்கைக்கோள் இணைப்பிலும் இறங்கும். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற வானிலைக் கணிப்பு ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது, அதோடு ஐரோப்பியக் கணிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும்.

ஒரு குறை உண்டு. திடீரென்று அடித்து அரைமணியில் ஓய்ந்துபோகும் மழைச்சூறையை கிரிப் காட்டாது. அதற்கு வானத்தைத்தான் பார்க்கவேண்டும். அடிப்பகுதி கறுத்த மேகம் வந்தால் பாயைச் சுருக்கிவிடுங்கள், திரையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

படகிலிருந்தே வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம், நிறையப் பேர் பார்க்கிறார்கள். வேலை நாளில் நங்கூரத்தில் இருங்கள், ஓட்டத்தை விடுமுறை நாளுக்கு வையுங்கள். ஆனால் "திங்கட்கிழமை மீட்டிங், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும்" என்ற நிலைமை வந்தால் மீட்டிங்கைத்தான் தள்ளிப்போடவேண்டும். மோசமான வானிலையில் படகுகள் கிளம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த மாதிரி ஒரு தேதிதான். வேலை கொடுப்பவரிடம் இதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

தீவை அடைந்ததும் முதலில் என்ன செய்யவேண்டும்?

புது நாடு என்றால் மஞ்சள் நிறக் கியூ கொடியை ஏற்றிவிட்டு, நுழைவுத் துறைமுகத்துக்கே நேராகப் போங்கள். குடியேற்றம், சுங்கம், சுகாதாரம் முடியும்வரை யாரும் இறங்கக்கூடாது. வழியில் ஓர் அழகான குடா கண்ணில் பட்டு, "ஒரு ராத்திரிதானே" என்று தங்கினால் அது சட்டப்படி குற்றமாகலாம். முன்கூட்டியே இணையத்தில் அறிவிப்பு அனுப்பச் சொல்லும் நாடுகளும் உண்டு. முடிந்ததும் மஞ்சளை இறக்கி அந்த நாட்டுக் கொடியை ஏற்றுங்கள்.

பவளப்பாறைத் தீவில் நங்கூரம் போடப் பயமாக இருக்கிறது. எப்படிப் போடுவது?

பயம் நல்லதுதான், அது மெதுவாகப் போகவைக்கும். பிரெஞ்சு பாலினீசியாவின் துவாமொத்து பவளத்தீவுகளுக்குப் பழைய மாலுமிகள் வைத்த பெயரே ஆபத்தான தீவுக்கூட்டம்.

நுழையும் நேரம்தான் பாதி வேலை. சூரியன் உயரத்தில், உங்களுக்குப் பின்னால் இருக்கவேண்டும். காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலரைஸ்டு கண்ணாடி போட்ட ஒருவர் முன்முனையில் நிற்கட்டும். கருநீலம் ஆழம். வெளிர்பச்சை, அடியில் மணல். பழுப்பு, மேலே வந்துவிட்ட பாறை. மேகம் மூடினால் மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், அப்போது நின்று காத்திருங்கள். பவளத்தீவின் வாய்க்கால் வழியே உள்ளே போக, நீரோட்டம் அடங்கும் வேளையைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். பவளத்தின்மேல் விழுந்த நங்கூரம், பல பத்தாண்டுகள் வளர்ந்ததை ஒரே மாலையில் நொறுக்கிவிடும். சங்கிலியின் நீளத்துக்கு இப்படிக் கணக்கு: ஆழம் 8 மீட்டர், முன்முனை நீரிலிருந்து 1.5 மீட்டர், மொத்தம் 9.5. அதைப்போல் ஐந்து மடங்கு என்றால் 48 மீட்டர். காற்று பலமாக இருந்தால் ஏழு மடங்கு, 67 மீட்டர். மணலில் அங்கங்கே பவளக் குன்றுகள் இருந்தால் சங்கிலியில் இடைவெளி விட்டு மிதவைகளைக் கட்டித் தூக்கி நிறுத்துங்கள். சங்கிலி சிக்காது, பவளமும் பிழைக்கும்.

அப்புறம், இஞ்சினை மெதுவாகப் பின்னோக்கிப் போட்டு, உள்ளங்கையைச் சங்கிலிமேல் வையுங்கள். நங்கூரம் பிடிக்காமல் தரையில் இழுபட்டால் கையில் கடகடவென்று அதிர்வு வரும். மணலில் இறங்கிப் பிடித்துவிட்டால் சங்கிலி விறைத்து, கைக்குக் கீழே சத்தமின்றி நிற்கும். அந்த அமைதி பழகிவிட்டால் எந்த அலாரமும் அதற்குப் பிறகுதான். பிறகு முகமூடி மாட்டிக்கொண்டு நீந்திப் போய் நேரிலேயே பாருங்கள். நங்கூரம் மணலுக்குள் மறைந்து தண்டு மட்டும் தெரிந்தால் இரவில் நன்றாகத் தூங்கலாம். திரும்பும் வழியில் உங்கள் சங்கிலியை விசாரிக்க வந்திருக்கும் மீன்களையும் பார்ப்பீர்கள், தீவு வாழ்க்கை எனக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

தீவு மக்களோடும் பக்கத்துப் படகுகளோடும் எப்படிப் பழகுவது?

பல தீவுகளில் கரையும் குடாவும் பவளப்பாறையும் ஊருக்குச் சொந்தம். ஆள் இல்லாத கடற்கரை என்று நாம் நினைப்பது ஒரு குடும்பத்தின் மீன்பிடி இடமாக இருக்கலாம். எனவே இறங்கியதும் ஊர்ப் பெரியவரைக் கண்டு, வந்திருக்கிறோம், இங்கே நங்கூரம் போடலாமா என்று கேளுங்கள். படம் எடுப்பது, நீந்துவது, மீன் பிடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. கேட்டவனுக்கு இடமும் கிடைக்கும், எந்தப் பக்கம் பாறை, எந்த மாதம் எந்தக் காற்று என்ற விவரமும் கூடவே கிடைக்கும். அதை எந்த வரைபடமும் தராது.

கையில் தொழில் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு தீவில் பள்ளியின் சோலார் விளக்கு எரியவில்லை என்றார்கள். துருப்பிடித்த இணைப்பைச் சுத்தம் செய்ய அரைமணிதான் ஆயிற்று. மறுநாளிலிருந்து நாங்கள் கரையேறும்போதெல்லாம், கரைக்குப் போய்வரும் எங்கள் சிறுபடகான டிங்கியின் கயிற்றைப் பிடிக்க ஏழெட்டுப் பிள்ளைகள் தண்ணீரில் நிற்பார்கள்.

பக்கத்துப் படகு புதிதாக வந்தால் டிங்கியில் ஒரு சுற்று போய் வணக்கம் சொல்லுங்கள். உள்ளே வாருங்கள் என்று சொல்லும்வரை ஏறவேண்டாம். அவர்கள் பல நாள் தூக்கமில்லாமல் வந்திருக்கலாம்.

கூட வரும் பிள்ளைகளுக்கு நண்பர்கள்?

பிள்ளைகள் இருக்கும் வேறு படகுகளைத் தேடி, உங்கள் பாதையை அதற்குத் தகுந்தபடி மாற்றுங்கள். பெரியவர்கள் பார்க்க நினைத்த தீவு ஒன்று தவறினாலும் பரவாயில்லை. பழைய பள்ளித் தோழர்களோடு வாரம் ஒரு நாள் வீடியோவில் பேச நேரம் ஒதுக்குங்கள், அதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

பவளப்பாறையில் பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

ஊர்க்காரர்களிடம் கேட்காமல் சாப்பிடாதீர்கள். சிகுவாட்டெரா என்ற நஞ்சு பவளப்பாறையில் வாழும் நுண்ணுயிரிலிருந்து சிறிய மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போகும். பெரிய சீலா, பெரிய களவா, விலாங்கு இனங்களில் அதிகம் சேரும். வாசனை கிடையாது, ருசி மாறாது, வேகவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சில்லென்ற தண்ணீர் சுடுவதுபோல் இருக்கும், வாரக்கணக்கில் நீடிக்கும். ஒரே தீவின் ஒரு பக்கத்து மீன் நல்லதாகவும் மறுபக்கத்து மீன் நஞ்சாகவும் இருக்கலாம், அது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆழ்கடலில் ஓடும்போது தூண்டிலில் விழும் சூரையில் இந்தப் பயம் இல்லை.

குடிதண்ணீர்?

கடல்நீரை நன்னீராக்கும் கருவி இருந்தால் சுகம். சுமார் 55 பார் அழுத்தத்தில் சவ்வின் வழியே தள்ளுவதால் மின்சாரம் எடுக்கும், துறைமுகத்து எண்ணெய்ப் படலத்தில் ஓட்டினால் சவ்வு கெட்டுவிடும். இல்லாதவர்கள் மழையைப் பிடிக்கத் துணி கட்டுங்கள். தீவின் கிணற்றில் எடுப்பதென்றால் கேட்டு எடுங்கள், தாழ்வான பவளத்தீவில் நன்னீர் மிகக் கொஞ்சம்.

நாள் முழுக்க போனிலேயே போய்விடுகிறது. என்ன செய்வது?

இதைக் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். முன்பு நெட் கிடைக்காது என்பதே கட்டுப்பாடாக இருந்தது. இப்போது நாமே போட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

எங்கள் படகில் காலை ஏழு முதல் எட்டு, மாலை ஆறு முதல் ஏழு, இந்த இரண்டு மணி நேரம்தான் தட்டு ஓடும். வானிலை, வீட்டுச் செய்தி, வங்கி எல்லாம் அதற்குள். பேட்டரிக்காக ஆரம்பித்த பழக்கம், இப்போது பேட்டரி நிறைந்திருந்தாலும் விடவில்லை. ஏனென்றால் எட்டு மணிக்குப் பிறகு கண் வேறு மாதிரி பார்க்கத் தொடங்குகிறது. அலை இறங்கியபின் பாறை இடுக்கில் எந்த நண்டு எந்தப் பொந்துக்குப் போகிறது என்பதுவரை தெரிந்துவிடும். பக்கத்துப் படகில் பாய் தைப்பவரோடு ஒரு பகல் முழுக்கப் பேசலாம். வீட்டாருக்கும் இது வசதிதான். ஆறு மணிக்குப் பேசுவோம் என்று தெரிந்தால் அவர்கள் நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள், அந்த ஒரு மணியில் பேச்சும் நிறைவாக இருக்கும். வி.எச்.எஃப். மட்டும் எந்நேரமும் ஆனில் இருக்கும்.

ஒரு தீவில் எத்தனை நாள் தங்கலாம்?

விசா அனுமதிக்கும்வரை, புயல் பருவம் வரும்வரை. அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையும், தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் சூறாவளிக் காலம். அதற்கு முன் பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்துவிடவேண்டும். இந்த எல்லைக்குள் என் ஆலோசனை, பத்துத் தீவுக்குப் போக நினைத்தால் நாலுக்குப் போங்கள். முதல் வாரம் நீங்கள் விருந்தாளி. மூன்றாவது வாரம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கிளம்பும் முந்தைய நாள் டிங்கியை மேலே ஏற்றிக் கட்டுங்கள், ஊரில் எல்லோரிடமும் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அந்தச் செய்தியை அனுப்புங்கள்: நாளைக் காலை கிளம்புகிறோம், இந்தத் தீவுக்கு, இத்தனை நாள், இந்தத் தேதிவரை கவலைப்படவேண்டாம். பதில் வந்தபிறகு தட்டை அணைத்துவிட்டு, நங்கூர விளக்கைப் போடுங்கள்.